ஒலிபெருக்கி இல்லாத பூங்கா இசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1893-இல் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவரும் 'ஆந்திர பத்ரிகா' இதழின் நிறுவனருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கிய மயிலாப்பூர்ப் பூங்காவில், இளம் கலைஞர்கள் ஒலிபெருக்கியே இல்லாமல் பாடிய ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கச்சேரிகள் அப்பகுதிக்கே பெருமை சேர்த்தவை. மைக் இன்றிப் பாடும் குழந்தை தன் குரலின் வலிமையையும், அது சுருதியோடு சேரும் இடத்தையும் நேரடியாக உணர்கிறது; எதிரே அமர்ந்திருப்பவர்களும் பேச்சை நிறுத்திச் செவிகொடுத்தால்தான் கேட்க முடியும். ஒலிபெருக்கி வருமுன் நம் வித்வான்கள் இப்படித்தான் பாடினார்கள். நடைப்பயிற்சிக்கு இடம் ஒதுக்குவது போலவே, இத்தகைய கச்சேரிகளுக்கும் நிழலான ஒரு மூலையை மாநகராட்சி நிரந்தரமாக ஒதுக்கி, அந்த நேரத்தில் பூங்காவுக்குள் வேறு ஒலிபெருக்கி எதையும் அனுமதிக்காமல், இந்த இசை வரலாற்றைச் சொல்லும் தமிழ்ப் பலகை ஒன்றையும் அங்கே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை