தீக்காய வார்டில் கட்டுப் பிரிக்கும் நேரத்துக்கு விஆர் கருவி வேண்டி மனு

அனுப்புநர்:
தீக்காய வார்டில் சிகிச்சை பெறும் ஒரு சிறுமியின் தாய்,
அரிசி மண்டித் தெரு, பழைய பஸ் ஸ்டாண்டு அருகில்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: அரசு மருத்துவமனைத் தீக்காய வார்டுக்கு வலி குறைக்கும் விஆர் கருவி (கண்ணில் மாட்டினால் வேறோர் உலகத்துக்குள் இருப்பதுபோலவே காட்டும் கருவி) வாங்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதே கோரிக்கையை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தங்கள் கையிலேயே கொடுத்தேன். 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. மறுபடியும் கொடுத்தேன். 'மனு முடித்து வைக்கப்பட்டது' என்று வந்தது. என்ன முடிந்தது, யார் முடித்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அதனால் இந்த முறை விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும்.

1. என் மகளுக்கு ஆறு வயது. கொதிக்கிற சாம்பார் கொட்டி, இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் வெந்துவிட்டன. டாக்டர்கள் மீதும் நர்ஸ் அக்காக்கள் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையைக் காப்பாற்றித் தந்தவர்கள் அவர்கள்.

2. வார்டு இருக்கும் இடம் தங்களுக்குத் தெரியும். பிரசவ வார்டின் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்தபோது அதைத் தாண்டித்தான் போனீர்கள். ஜெனரேட்டர் ரூமை ஒட்டிய பழைய கட்டடம்.

3. நான் சொல்ல வந்தது கட்டுப் பிரிப்பதைப் பற்றி. துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சலைன் ஊற்றி ஊற வைத்துத்தான் எடுக்கிறார்கள். எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் ஓரத்தில் ரத்தம் கசியும். அப்புறம் செத்த தோலைத் துடைத்துக் கழுவ வேண்டும், கழுவாவிட்டால் சீழ் வைத்துவிடும். அதன்மேல் வெள்ளை மருந்து பூசி மறுபடி கட்டு. நாளைக்கு மறுபடி முதலிலிருந்து. வலிக்கு ஊசி போடத்தான் செய்கிறார்கள். படுத்திருக்கும்போது இருக்கும் வலி அதற்கு அடங்குகிறது, துணியை உரிக்கும்போது வரும் வலி அடங்குவதில்லை. தினமும் மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்றால், மயக்க டாக்டர் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வர முடியாது. பிடித்துக்கொள்ள ஆள் போதாததால் பிள்ளையின் காலை அமுக்கிப் பிடிப்பது நான்தான். 'விடும்மா, விடும்மா' என்று என்னைத்தான் கெஞ்சுகிறாள். டிரஸ்ஸிங் ரூமுக்கும் வார்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பச்சைத் திரை மட்டும். அவள் அலறுவது எல்லாக் கட்டிலுக்கும் கேட்கும். எதிர்க் கட்டில் பையன் டிராலிச் சத்தம் கேட்டதுமே, தன் முறை வருவதற்கு முன்பே, பாயை நனைத்துவிடுகிறான்.

4. இதற்கு ஒரு வழி இருக்கிறது அம்மா. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1990களிலேயே இதைத் தொடங்கினார்கள். கண்ணில் மாட்டும் விஆர் கருவியில் 'ஸ்னோ வேர்ல்டு' என்று ஒரு பனி உலகம். நோயாளி அதற்குள் போய்ப் பனிமனிதர்கள் மீது பனிப்பந்து எறிந்துகொண்டிருக்கும்போது இங்கே புண்ணைக் கழுவி முடிக்கிறார்கள். வலியை உணரவும் மனசு அதைக் கவனிக்க வேண்டும். கவனம் வேறு உலகத்தில் இருந்தால் வலியைக் கவனிக்க மனசில் மிச்சம் குறைவு. இது வெறும் பேச்சு இல்லை. 2004ல் மூளையை ஸ்கேன் செய்தபோது, வலியை உணரும் இடங்களில் வேலை பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தீக்காயம் பட்ட 12 ராணுவ வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2011ல் வெளியிட்டார்கள். யாருக்கு வலி அதிகமோ அவர்களுக்குத்தான் அதிகமாகக் குறைந்தது. ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. ஊசியோடு சேர்த்து இதையும் கொடுங்கள் என்கிறேன்.

5. 'செல்போனில் கார்ட்டூன் காட்ட வேண்டியதுதானே' என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். காட்டாமலா இருப்போம்? துணியில் கை வைத்ததும் போனைத் தட்டிவிட்டுக் காலைத்தான் பார்க்கிறாள். விஆர் கருவி மாட்டினால் காலும் தெரியாது, கத்திரிக்கோலும் தெரியாது. 16, 17 வயதுப் பையன்கள் இருவருக்குச் சாதாரண வீடியோ கேமையும் விஆரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000ல் வந்தது. வீடியோ கேமைவிட விஆரில் வலி ரொம்பவே குறைந்தது. கார்ட்டூன் போதும் என்று சொன்னவர் ஒரு தடவையாவது திரைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பாரா?

6. தொற்று வரும் என்றால், துடைத்துச் சுத்தம் செய்யலாம், ஒவ்வொரு நோயாளிக்கும் புது முக உறை மாற்றலாம். முகம் வெந்தவர்களுக்கு, முகத்தில் படாமல் கம்பியில் தாங்கிப் பிடிக்கும் முறையும் இருக்கிறது.

7. பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்றைக்குக் கருவி ஒன்று ஒரு நல்ல செல்போன் விலைதான். நோயாளர் நலச் சங்க நிதி இருக்கிறது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. விளையாட்டைத் தமிழில் செய்து தர வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் இந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. தங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால் அவர்கள் கேட்க மாட்டார்களா?

8. கட்டோடு முடிவதில்லை. முட்டி மடங்கி இறுகிப் போகாமல் இருக்கத் தினமும் நீட்டி மடக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்கும் இதே அலறல்தான். வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டால் பிள்ளை நொண்டிப் போவாள். அதற்கும் இது உதவும்.

அம்மா, நான் சலுகை எதுவும் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. ஒரு கருவி கேட்கிறேன், அதுவும் என் மகளுக்கு மட்டும் இல்லை. அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள், அந்தக் கட்டிலுக்கு வேறொரு பிள்ளை வரும். தீபாவளி வந்தால் வார்டு நிரம்பிவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததா? இன்னும் எத்தனை மேசைக்கு இந்த மனு போய்த் திரும்ப வேண்டும்?

மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரே ஒரு கருவி வாங்கிக் கொடுங்கள். அதைப் பயன்படுத்த நர்ஸ் இருவருக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இந்த மனுவை மறுபடி 'உரிய அலுவலருக்கு' என்று தள்ளிவிடாமல், எந்த நிதியில், எந்தத் தேதிக்குள் வாங்கப்படும் என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்