கொப்பரைக் கதை எதற்கு?

ஆசிரியருக்கு,

ஔரங்கசீப்பின் மகள் ஜெபுன்னிசா பற்றிய ஞாயிறு மலர் கட்டுரையில் பாதி, காதலன் ஆகில் கான் ஒளிந்திருந்த கொப்பரைக்கு அடியில் தீ மூட்டப்பட்ட கதைக்கே போய்விட்டது. சுவையான கதைதான், ஆனால் ஆதாரமற்றது என்று வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் எப்போதோ எழுதிவிட்டார்.

நடந்ததே போதுமான அளவு கொடுமையானது. ஜெபுன்னிசா 1638-இல் தௌலதாபாதில் பிறந்தவர். குர்ஆனை மனப்பாடமாக ஓதியவர். சொந்தமாக நூலகம் வைத்து, அறிஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து எழுத வைத்தவர். இஸ்லாமிய அறிஞர் ராஸியின் அரபு மொழி குர்ஆன் விரிவுரை அவர் ஆதரவில்தான் பாரசீகத்துக்கு வந்தது. இதற்குக் கட்டுரையில் ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

1681-இல் தம்பி அக்பர் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தார். அவருக்கு அக்காள் எழுதிய கடிதங்கள் பிடிபட்டன. ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் மானியம் நின்றது, சொத்துகள் பறிமுதலாயின. டில்லி சலீம்கட் கோட்டையில் அடைபட்டவர் 1702-இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. குற்றம் காதல் அல்ல, அரசியல். பெண் என்றாலே காதலைத் தேடுவது நம் எழுத்தாளர்களுக்குப் பழகிப்போய்விட்டது.

இன்னொன்று. 'மக்ஃபி' என்ற புனைபெயரில் உள்ள கஜல் கவிதைகள் அனைத்தும் ஜெபுன்னிசாவுடையவைதானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டுரையாளரோ எல்லாவற்றையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டார். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

- வாசகர், தஞ்சாவூர்