ஹோல்டனுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

மோட்டார் சைக்கிள் வரலாற்றைத் தமிழில் எழுதிவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் வண்டிகள் என்றதும் நார்ட்டன், ட்ரையம்ஃப், ராயல் என்ஃபீல்டு என நிலைத்த பெயர்களையே நாம் எழுதுகிறோம். லண்டன் கென்னிங்டனில் சில ஆண்டுகளே ஹோல்டன் என்ற மோட்டார் சைக்கிளைத் தயாரித்த மோட்டார் டிராக்‌ஷன் கம்பெனியைக் குறிப்பிட நேர்ந்தால், ‘காலத்தை முந்திய படைப்பு’ என்ற ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம். அந்த வரி பாராட்டாகத் தெரிந்தாலும் பொருத்தமானதன்று என்பதே என் முறையீடு.

பீரங்கிப் படை அதிகாரியும் மின்பொறியாளருமான ஹென்றி கேப்பல் ஹோல்டன் 1897-இல் உருவாக்கி, 1899 முதல் நீர்க்குளிர்ச்சியுடன் தயாரிக்கப்பட்டு, 1902 வாக்கில் நின்றுபோன அவ்வண்டி, உலகின் முதல் நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளாகக் கருதப்படுகிறது. ஆனால் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே கிளட்ச், கியர், பெல்ட் எதுவும் கிடையாது. நீராவி ரயில் எஞ்சினில் உள்ளதுபோல, நீண்ட தண்டுகள் பின்சக்கர அச்சின் கிராங்குகளை (சைக்கிள் பெடலின் கை போன்றவை) நேரடியாகச் சுழற்றின. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் எஞ்சினும் ஒரு சுற்றுதான். நிமிடத்துக்குச் சுமார் 420 சுற்றில் ஏறத்தாழ 3 குதிரைத்திறன் கிடைத்தது. வேகம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். இழுவை போதாது என்பதால் பின்சக்கரத்தை மிகச் சிறிதாக வைக்க வேண்டியிருந்தது.

நீராவி, நின்ற நிலையிலிருந்தே பிஸ்டனைத் தள்ளும். பெட்ரோல் எஞ்சினோ முதலில் சுழன்றாக வேண்டும். ஆகவே வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கும். ஒவ்வொரு முறையும் முன்சக்கரப் பெடலை மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். எதிரே மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ மறித்தால் ஓட்டியவர் பாடு என்னவாகியிருக்கும்! 1901-இல் பிரான்ஸின் வெர்னர் சகோதரர்கள் எஞ்சினை வண்டிச் சட்டகத்தின் அடிப்பகுதியில் அமர்த்திய வண்டியைக் கொண்டுவந்தபோது, ஹோல்டனின் ஏற்பாடு பழையதாகிவிட்டது. நான்கு சிலிண்டர் புதுமைதான். சக்கரத்தைச் சுழற்றிய முறையோ நீராவிக் காலத்தது.

பின்னர் 1907-இல் திறக்கப்பட்ட இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் மோட்டார் பந்தயப் பாதையை வடிவமைத்தவரும் இதே ஹோல்டன்தான். ஆகவே அப்பாதையைப் பற்றி எழுதும்போது அவருடைய வண்டியையும் சேர்த்து எழுதுங்கள். பின்சக்கரத்தையும் தண்டுகளையும் காட்டும் ஒரு வரைபடத்தையும் தவறாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்