மொரேலியாவிலிருந்து முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. மகளுக்கு இங்கே வேலை நிரந்தரமாகிவிட்டது. அதனால் நானும் இன்னும் கொஞ்ச காலம் மெக்சிகோவில்தான்.

தாண்டிக்குடித் தோட்டத்தில் காப்பியை எடுத்துவிட்டு முழுக்க ஹாஸ் ரக அவகாடோ வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன்.

இந்த மிச்சோவகான் மாநிலத்தில் உருவாபன் ஊர்ப் பக்கம் போனால் மலை முழுக்க இந்த மரம்தான். எரிமலை மண். வருடத்துக்கு நாலு பூப்பு என்கிறார்கள். ஒரே மரத்தில் பூவும் காயும் சேர்ந்து நிற்கும். அதனால் பறிப்பு வேலை ஓய்வதே இல்லை. மெக்சிகோ அவகாடோவுக்கு 1914இல் தடை போட்ட அமெரிக்கா 1997இல் இந்த மாநிலத்துக் காய்க்கு வழிவிட்டது. அப்புறம்தான் இவ்வளவு தோப்பும். வடக்கே அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகாமல் ஊரிலேயே பிள்ளை குட்டியோடு இருக்கிறவர்கள் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் காசு வந்த பாதையிலேயே கும்பல்களும் வந்தன. தோப்புக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று மாமூல். தராதவர்களைக் கடத்தினார்கள், கொன்றார்கள். தான்சீதரோ ஊர்க்காரர்கள் 2013இல் தாங்களே துப்பாக்கி எடுத்து அவர்களை விரட்டினார்கள். பிறகு தோட்டக்காரர்கள் பணம் போட்டு ஊருக்கென்று தனிக் காவல்படை வைத்தார்கள்.

என்னை உலுக்கியது செரான். புரேபெச்சா பழங்குடி மக்களின் ஊர். காட்டை வெட்டிக் கடத்திய கும்பலின் லாரிகளை 2011 ஏப்ரல் 15 விடியற்காலையில் பெண்கள்தான் முதலில் மறித்தார்கள். தெருமுனைகளில் நெருப்பு மூட்டி, இரவெல்லாம் ஊரே காவல் இருந்தது. இன்று அங்கே கட்சி கிடையாது. 12 பேர் கொண்ட பெரியவர் சபைதான் நிர்வாகம். வீட்டுத் தேவைக்கு நாலைந்து அவகாடோ மரம் வைத்துக்கொள்ளலாம், விற்பனைக்குத் தோப்பு போடக் கூடாது. பைன் காடு போனால் ஊற்று போகும், தோப்பு வந்தால் கும்பல் திரும்பி வரும் என்பது அவர்கள் கணக்கு. கண்ணெதிரே இருக்கும் அவ்வளவு பணத்தை ஓர் ஊர் கூடிப் பேசி வேண்டாம் என்றதே, எத்தனை பெரிய நெஞ்சு வேண்டும் அதற்கு!

மற்ற ஊர்களில் ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்துத் தோப்புக் குட்டைகளில் தேக்குகிறார்கள். கீழே இருப்பவர்களுக்குக் குடிக்கவே தட்டுப்பாடு.

அதனால் காப்பியையும் நிழல் மரங்களையும் எடுக்காதே. நடுவே கொஞ்சம் கன்று வைத்துப் பார். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், சரிவான இடமாகப் பார்த்து வை. கோடையில் உன் ஓடையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? கீழ்த்தோட்டக்காரர்களிடமும் கேட்டு எழுது.

அன்புடன்,
சுந்தரம்