பேனர்லார்டில் கைதியைப் படையில் சேர்க்கும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினி விளையாட்டுப் பகுதியில் 'மவுண்ட் அண்ட் பிளேட் 2: பேனர்லார்ட்' என்ற, இடைக்காலப் பாணியில் படை திரட்டிப் போரிடும் ஆட்டம் பற்றி வந்த அறிமுகம் போர்க்களக் காட்சிகளை நன்றாகவே சொல்லியிருந்தது. ஆனால் பிடிபட்ட எதிரிகளைச் சேர்த்துக்கொண்டால் செலவே இல்லாமல் பட்டாளம் பெருகும் என்று அதில் போகிறபோக்கில் எழுதிய வரியை நம்பிப் புதிதாக ஆட வருபவர் இறங்கினால், இரண்டாம் வாரத்திலேயே அவர் படை கலைந்துவிடும். செலவு இருக்கிறது. ஆட்டத்தின் நாணயமான தினார் கணக்கில் முதலில் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் கைதி கிடைக்க வேண்டுமே. வெட்டு, குத்து, அடி என்று மூன்று வகைச் சேதம் இந்த ஆட்டத்தில் உண்டு. வாள் வெட்டிலும் ஈட்டிக் குத்திலும் விழுபவர்களில் ஒரு பகுதிதான் காயத்தோடு பிழைக்கும், மற்றவர்கள் செத்துப்போவார்கள். கதாயுதம், சம்மட்டி போன்ற மழுங்கல் ஆயுதத்தால் அடிபட்டு விழுபவர் மயங்குகிறார், சாவதில்லை. குதிரை மோதி விழுபவருக்கும் அதே கதிதான். ஆயுதம் வாங்குமுன் அதன் விவரப் பெட்டியைப் படிக்க வேண்டும். வீச்சுக்கும் குத்துக்கும் தனித்தனியே சேத வகை போட்டிருக்கும். வீச்சில் அடி என்று இருந்தால் போதும். கனத்த கவசம் போட்டவனிடமும் மழுங்கல் அடி ஓரளவு எடுபடும் என்பது கூடுதல் லாபம். ஆனால் இருநூறு பேர் மோதும் களத்தில் நீங்கள் ஒருவர் கதாயுதம் சுழற்றி எத்தனை பேரைப் பிடித்துவிட முடியும்? உங்கள் வீரர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதே கைதி எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. வில்லாளிகளை மட்டும் நிறைத்து வைத்தால் வெற்றி வரும், கைதி குறையும்.

பிடித்ததை எல்லாம் அள்ளிக்கொள்வது அடுத்த பிழை. கைதிகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் படையின் வேகம் குறையும், இருப்பவர்களும் தப்பத் தொடங்குவார்கள். வேகம் குறைந்த படையை உலக வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பிடிக்கலாம். தோற்றால் அத்தனை கைதியும் கையை விட்டுப் போய்விடும். பெரிய போர் வரும் என்று தெரிந்தால் அதற்கு முன்பே அருகில் உள்ள நகரத்தில் அவர்களை இறக்கிவிடுவது நல்லது.

சாப்பாட்டுக் கணக்கை யாரும் சொல்வதில்லை. 20 வீரர்கள் ஒரு நாளைக்கு ஒரு அலகு உணவு தின்பார்கள். கைதிக்கு அதில் பாதி. 40 கைதிகளை வைத்திருந்தால் நாளுக்கு ஒரு மூட்டை தானியம் கூடுதலாகக் காலி. தானியம் மலிவுதான், ஆனால் எதிரி நாட்டுக்குள் முற்றுகையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரு மூட்டைதான் முந்திக்கொண்டு தீரும்.

பிடித்த உடனே கைதி மாறிவிடுவதும் இல்லை. மணிக்கு மணி அவர்களுக்குள் 'இணக்கம்' சேர்கிறது. குறிப்பிட்ட அளவை எட்டியதும் படைப் பட்டியல் திரையில் அந்த வரிசையில் எத்தனை பேர் தயார் என்ற எண் தெரியும், சேர்க்கும் பொத்தானும் உயிர்பெறும். வீரர்களின் தரம் படிப்படியாக ஏறும்; கீழ்ப் படியில் இருக்கும் ஆள் சீக்கிரம் மசிவான். மேல்படிக்குப் போகப் போகத் தேவைப்படும் இணக்கம் மளமளவென்று ஏறும். லீடர்ஷிப் (தலைமை) திறனில் இருக்கும் சில பெர்க்குகள், அதாவது திறன் வளரும்போது தேர்ந்தெடுக்கும் சலுகைகள், இந்தக் காத்திருப்பைக் குறைக்கின்றன. அவை இல்லாதபோது உயர்படி வீரர் ஒரு கூட்டத்தை மாற்றுவதற்காக ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தால், இருக்கிற படைக்குச் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி முக்கியமான இடம்: மொரேல், அதாவது படையின் மனத்திடம். அடிப்படை அளவு 50. சாதாரண வீரன் ஒருவனைக் கைதி வரிசையிலிருந்து சேர்த்தால் ஒரு புள்ளி குறையும். கொள்ளையன் என்றால் இரண்டு. கொள்ளையர் 15 பேரை ஒரே மூச்சில் சேர்த்தால் 30 புள்ளி போய்விட்டது. மொரேல் ரொம்பவும் சரிந்தால் உங்கள் பழைய ஆட்களே ஓடிப்போவார்கள். களத்திலும் சீக்கிரம் புறமுதுகு காட்டுவார்கள். நல்லவர்களை இழந்து திருடர்களைச் சம்பாதித்த கதைதான். ஆகவே தயார் எண் 15 என்று காட்டினாலும் நான்கைந்து பேராகச் சேர்க்க வேண்டும். ஒரு வெற்றி, இரண்டு நாள் இடைவெளி, பையில் தானியத்தோடு மீன், இறைச்சி, சீஸ், பேரீச்சை என்று பல வகை உணவு: இவை இழந்த புள்ளிகளை மீட்டுத் தரும். லீடர்ஷிப்பில் 'பிரசென்ஸ்' பெர்க் எடுத்தவருக்குத் தன் கலாச்சாரத்தைச் சேர்ந்த கைதியைச் சேர்ப்பதில் மொரேல் இழப்பு இல்லை. ரோகரி (போக்கிரித்தனம்) திறனில் 'டூ ஃபேஸ்டு' பெர்க் கொள்ளையருக்கு அதே வேலையைச் செய்கிறது. (அப்டேட் வரும்போது இந்த எண்கள் மாறலாம். சேர்க்குமுன் திரையில் காட்டும் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.)

படையின் மொத்த வரம்பையும் மறக்கக் கூடாது. இடம் இல்லாமல் சேர்த்தால் அதற்குத் தனியாக மொரேல் அடி விழும்.

அப்படியானால் யாரை வைத்துக்கொள்வது? முதல் இரண்டு படிகளில் இருப்பவர்களை விற்றுவிடலாம். அந்தத் தரத்தில் ஆள் எந்தக் கிராமத்திலும் கிடைப்பான், மொரேலும் குறையாது. உயர்படிக் குதிரைவீரர்கள் வேறு ரகம். கிராமத்து ஆளை வளர்த்துக் கனரகக் குதிரைவீரனாக்க வேண்டுமானால் நடுவில் போர்க்குதிரை ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். பிடிபட்டு மாறும் வ்லாண்டியா நாட்டுக் குதிரைவீரனோ, ஆட்டத்தில் வரும் பேரரசின் கேட்டஃப்ராக்ட் என்ற கனரகக் குதிரைவீரனோ ஏற்கெனவே குதிரையோடு வருகிறான். உண்மையான லாபம் இங்கேதான். பட்டானியா நாட்டு வில்லாளியான ஃபியான் சாம்பியன் ஒருவன் சிக்கினால் எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கலாம், அவனைப் போன்ற வில்லாளி இந்த ஆட்டத்தில் குறைவு. காட்டுக் கொள்ளையரையும் அற்பமாக எண்ண வேண்டாம். லீடர்ஷிப்பில் 'வெட்டரன்ஸ் ரெஸ்பெக்ட்' இருந்தால் அவர்களை ஃபியான் வரிசைக்கே ஏற்றலாம். கொள்ளையருக்கு மொரேல் இரட்டிப்பாகக் குறைந்தாலும் இந்த ஒரு இடத்தில் அது தகும்.

ஆனால் உயர்படிக் கைதிக்குத்தான் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் மீட்புப்பணத் தரகர் அதிக விலை கொடுக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவனைச் சேர்த்தால் அந்தப் பணம் போயிற்று. மேலும் அன்றிலிருந்து சம்பளம். ஐந்தாம் படி வீரனுக்கு நாளுக்கு 12 தினார் என்றால், 30 பேருக்கு 360. கோட்டையோ நகரமோ கையில் இல்லாத ஆரம்பக் கட்டத்தில் இதைத் தாங்குவது கடினம். அப்போது விற்பதுதான் புத்தி. ஏதாவது ஒரு நாட்டுக்குக் கீழ் சேர்ந்துவிட்டவர், கூட்டாளிக் கோட்டைச் சிறையில் கைதிகளைக் கொடுத்துச் செல்வாக்குப் புள்ளி பெறலாம். அரசியலில் ஓட்டு வாங்க அது தினாரைவிட உதவும்.

இதே வரிசையில் இதற்கு முந்தைய ஆட்டமான 'வார்பேண்ட்' (2010) ஆடுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அதில் இணக்கக் கணக்கு கிடையாது. முகாம் மெனுவில் கைதிகளுக்கு விடுதலை தருவதாகச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு கூட்டம் சம்மதிக்கலாம், யாருமே சம்மதிக்காமலும் போகலாம். சம்மதித்தால் மொரேல் குறையும். பிரிசனர் மேனேஜ்மெண்ட் (கைதி மேலாண்மை) திறனின் ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து கைதிக்கு இடம். கைதி பிடிக்கவே பிறந்தவர்கள் போல மழுங்கல் ஆயுதம் தாங்கிய மேன்ஹண்டர் வரிசை அதில் உண்டு. அவர்களில் ஒரு பத்துப் பேரை வைத்திருந்தால் மேலே சொன்ன ஆயுதச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இரண்டு ஆட்டங்களுமே செய்யாத ஒன்று உண்டு. நேற்று வரை ஒரு மன்னனுக்காகச் சண்டையிட்டவன் இன்று அதே மன்னன்மேல் ஏவினாலும் தயங்குவதில்லை. சேர்ந்த கணமே பழைய விசுவாசம் பூஜ்யமாகிவிடுகிறது. வரலாற்றில் இவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1091-ல் லெவூனியோன் போரில் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ், குமானியர் என்ற நாடோடிகளின் துணையோடு பெச்செனெக்குகள் என்ற இன்னொரு நாடோடி இனத்தாரை முறியடித்தார். பிடிபட்டவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் மோக்லெனா வட்டாரத்தில் மனைவி மக்களோடு குடியேற்றப்பட்டுத் தனிப் படைப்பிரிவாக்கப்பட்டார்கள். சில ஆண்டுகளில் முதல் சிலுவைப் போர்ப் படைகள் பேரரசு வழியே போனபோது அவற்றைக் கண்காணிக்கப் பெச்செனெக் வீரர்களையே பேரரசு அனுப்பியது. நிலம் கொடுத்து, குடும்பத்தைக் கண்ணெதிரே வைத்து, பழைய எல்லையிலிருந்து தள்ளி நிறுத்திய பிறகே அந்த நம்பிக்கை. பேனர்லார்டின் பேரரசு பைசாந்தியத்தை நினைவூட்டும்படி உருவானது என்பதால் இந்தக் குறை இன்னும் கண்ணை உறுத்துகிறது. மாறியவனைப் பழைய கொடிக்கு எதிராக நிறுத்தும்போது கொஞ்சம் கூடுதலாக மொரேல் குறையும்படி வைத்திருந்தாலே ஆட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும். பிரபுக்கள் விஷயத்தில் மட்டும் ஆட்டம் சரியாக இருக்கிறது: அவர்களைப் படைவீரனாக்க முடியாது, மீட்புப்பணம்தான். 1356-ல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானுக்கு 1360 ஒப்பந்தத்தில் குறித்த விலை 30 லட்சம் பொற்காசுகள்.

காத்திருக்கவும் மொரேலை இழக்கவும் விரும்பாதவருக்கு இன்னொரு வழி இருப்பதைத் தங்கள் அறிமுகம் விட்டுவிட்டது. எதிரிப் படையோ கொள்ளையர் கூட்டமோ யாரையாவது கைதியாக வைத்திருந்தால் வரைபடத்தில் அதன்மேல் சுட்டியை வைத்தாலே தெரியும். அந்தக் கூட்டத்தை வென்றால், மீட்கப்பட்டவர்கள் போர் முடிந்த திரையிலேயே நேராக உங்கள் படைக்கு வரத் தயாராக நிற்பார்கள். இணக்கம் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய போர் நடந்து முடிந்த வட்டாரத்தில், வென்ற பிரபு காயம்பட்ட படையோடு கைதிகளை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும் நேரத்தில் அவரை மறிப்பது, நல்ல வீரர்களைச் சேர்க்க மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்