பொம்மைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி – பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பிள்ளைங்க வீட்டுக்கு வந்து "ஸ்கூல்ல ஒரு அக்கா தலையாட்டி பொம்மைக்கு வீடு கட்டிட்டு வந்தாங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. சில அம்மாக்கள் போன் பண்ணி என்ன விஷயம்னு கேட்டீங்க, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதிடுறேன்.

அந்த அக்கா நம்ம ஸ்கூல்ல படிச்ச பொண்ணுதான், இப்ப ப்ராடக்ட் டிசைன் படிக்குது. ஏதாவது ஒரு பொம்மைக்கு டிஸ்ப்ளே கேஸ் செய்யணும், அதான் காலேஜ்ல குடுத்த ப்ராஜெக்ட். மத்த பசங்க எல்லாம் கார் பொம்மை, ரோபோன்னு எடுக்க இது மட்டும் நம்ம தஞ்சாவூர் டான்ஸிங் பொம்மைய எடுத்திருக்கு. 2008-09லயே புவிசார் குறியீடு வாங்குன பொம்மை, ஆனா நம்ம வீடுகள்ல டிவி ஸ்டாண்டு மேல தூசி புடிச்சுப்போய் நிக்குது, என் வீட்டையும் சேத்துதான் சொல்றேன்.

கேக்க சின்ன வேலை மாதிரி இருக்கும். பொம்மைய அளந்தோமா, பெட்டி வெட்டுனோமான்னு முடிஞ்சிரும்னு நானும் நெனச்சேன். ஆனா இந்த பொம்மை ஒரே துண்டு இல்லையே, கால், பாவாடை, உடம்பு, தலைன்னு தனித்தனி துண்டா கம்பி மேல ஒண்ணுக்கு மேல ஒண்ணு தொங்குது, லேசா தட்டுனா நாலும் நாலு பக்கம் ஆடும். நிக்கிற பொம்மைய அளந்து முதல் பெட்டிய செஞ்சிருக்கு, உள்ள வெச்சு ஆட்டுனா பாவாடை டக்கு டக்குன்னு சுவத்துல இடிச்சு ஓரத்துல ஒரு பொட்டு பெயிண்ட் உதிர்ந்துருச்சு. அந்த பெட்டியையும் அது நம்ம பிள்ளைங்ககிட்ட காட்டுச்சு பாருங்க, எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சிது. அப்புறம் பின்னாடி கிராஃப் பேப்பர் ஒட்டி, போன்ல ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுத்து, பாவாடையும் தலையும் எதுவரைக்கும் போகுதுன்னு புள்ளி வெச்சு அந்த அளவுக்கு ரெண்டாவது பெட்டிய அட்டையில செஞ்சு பாத்திருக்கு.

இதுக்கு நடுவுல ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு எந்திரிச்சு, "அக்கா, மூடி வெச்சிட்டா காத்து வராதே, அப்புறம் எப்படி தலை ஆடும்?"னு கேட்டுச்சு. என் ரூம்ல இருக்கிற பொம்மை ஃபேன் காத்துக்கே நாள் பூரா நான் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடும், அதப் பாத்த பிள்ளை போல. அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே பெட்டியோட அடிய காட்டுச்சு. பொம்மை நிக்கிற பலகை பெட்டியில ஒட்டல, பழைய சைக்கிள் டியூப வெட்டி நாலு மூலையிலயும் வெச்சு அது மேல உக்காத்தியிருக்கு, பலகையில சொருகுன பென்சில் துண்டு ஒண்ணு ஓட்டை வழியா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. அந்த பென்சில ஒரு தட்டு தட்டுனா உள்ள பொம்மை ஆடுது. பெட்டிய தெறக்கவே வேணாம். க்ளாஸே கை தட்டிருச்சு.

கடைசி பெட்டி 3 மி.மீ. அக்ரிலிக்ல, அதாவது கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக்ல. கண்ணாடியோட எடையில பாதிதான் வரும், கீழ விழுந்தாலும் கண்ணாடி மாதிரி சில்லு சில்லா செதறாது. ஆனா காஞ்ச துணியால தொடச்சா கீறலும் விழும், ஸ்டாட்டிக்ல தூசியும் இன்னும் ஜாஸ்தியா வந்து ஒட்டும், ஈரத்துணிதான் சரி. வெயில் படுற ஜன்னல் பக்கம் வெச்சா எந்த பெட்டியா இருந்தாலும் பொம்மை கலர் வெளுத்துரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காலாண்டு பரீட்சை முடிஞ்சதும் 6லேர்ந்து 9 வரைக்கும் எல்லா பிள்ளைங்களும் வீட்டுல இருக்கிற ஒரு பழைய பொம்மைக்கு பெட்டி செய்யப்போறாங்க. கொலு பொம்மை, பல்லாங்குழி, பம்பரம், ஒரு கை போன டெடி, எதுவா இருந்தாலும் சரி. புதுசா வாங்கிக் குடுக்காதீங்க. செருப்பு டப்பா, கல்யாண பத்திரிகை அட்டை, முன்பக்கத்துக்கு ஓஹெச்பி ஷீட் (மெல்லிசா, உள்ள இருக்கிறது தெரியுற பிளாஸ்டிக் தாள்), இது போதும். அக்ரிலிக் வேணாம், அத ஒட்ட கடைகள்ல குளோரோஃபார்ம் யூஸ் பண்ணுவாங்க, பிள்ளைங்க கைக்கு அது வரக்கூடாது. ப்ளேடால வெட்டுற வேலைக்கு மட்டும் நீங்க பக்கத்துல உக்காருங்க.

மத்ததெல்லாம் தயவுசெஞ்சு அவங்களையே செய்ய விடுங்க. கோவிச்சுக்காதீங்க, போன வருஷ எக்ஸிபிஷன்ல வரிசையா ஒரே மாதிரி தெர்மாகோல் எரிமலை, அதுல ஒண்ணுக்கு அடியில விலை ஸ்டிக்கர் கூட கிழிக்கல, எப்படி செஞ்சேன்னு கேட்டா பிள்ளை அப்பா மூஞ்சியப் பாக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு ஃபெவிகாலோட உக்காந்திருந்த அப்பாக்களையும் எனக்குத் தெரியும். கோணலா இருந்தா இருக்கட்டும். முதல்ல செஞ்சு சரியா வராத பெட்டியையும் சேத்து குடுத்து விடுங்க, அதுக்குத்தான் பாதி மார்க்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பி.கு.: அந்த பொண்ணு செஞ்ச பெட்டி இந்த மாசம் முழுக்க ஆபீஸ் ரூம் வாசல்ல இருக்கும். ஃபீஸ் கட்ட வர்றப்ப பென்சில தட்டிப் பாருங்க, மெதுவா. ஏற்கனவே ரெண்டு பென்சில் உடஞ்சிருச்சு, ரெண்டையும் உடச்சது டீச்சருங்கதான்.