முகாம் குடும்பங்களுக்கும் தொழிற்கடன் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1964இல் பர்மாவின் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளையும் செல்லாதவை என்று அறிவித்தபோது, ரங்கூனில் மளிகை வணிகம் செய்துவந்த என் தாத்தா வெறுங்கையோடு திருச்சிக்கு வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கு அரசு அளித்த தொழிற்கடனைக் கொண்டு அவர் தொடங்கிய கடையைத்தான் இன்று நானும் என் தம்பியும் நடத்துகிறோம். வாழவந்தான்கோட்டை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிப்பவர்களே எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர்.

சிவப்பரிசி மா, மாசிக் கருவாடு எல்லாம் அவர்கள் கேட்டுக் கேட்டே எங்கள் கடைக்கு வந்தவை. மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் முதலியவற்றை வறுத்துத் திரிக்கும் யாழ்ப்பாணத் தூளின் பக்குவத்தை முகாமின் மூதாட்டி ஒருவர் என் தாயாருக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்போது அவருடைய மகள் அந்தத் தூளைத் தயாரித்துத் தர, நாங்கள் விற்கிறோம். உள்ளூர்க்காரர்களும் விரும்பி வாங்குகிறார்கள். சொந்தமாக ஓர் அரவை இயந்திரம் வாங்க அவர் வங்கி ஒன்றை அணுகியபோது, குடியுரிமை ஆவணம் இல்லையென்று கூறி விண்ணப்பத்தைக்கூட வாங்க மறுத்துவிட்டார்கள்.

2021இல் மாதாந்திரப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆயினும் முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் அடிக்கும் தொழிலை நம்பியிருப்பதால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை நின்று, வீட்டுச் செலவு முழுவதும் எங்கள் பற்று நோட்டில் ஏறுகிறது. தை பிறந்ததும் அவர்கள் அதைச் சிறுகச் சிறுக அடைத்துவிடுகிறார்கள். வேறு முகாமுக்கு மாறிச் சென்ற குடும்பம் ஒன்று, கடைசிப் பாக்கியைத் தீர்த்த பிறகே சாமான்களை வண்டியில் ஏற்றியது. இத்தகையவர்களைக் கடனுக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென்றே 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. 1983க்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கு அத்தகைய தனி ஏற்பாடு இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குடியுரிமை பற்றிய முடிவு மத்திய அரசின் கையில் உள்ளது. அதுவரை காத்திராமல், முகாம் அடையாள அட்டையையே ஆவணமாக ஏற்று, மாநில அரசின் உத்தரவாதத்தோடு கூட்டுறவு வங்கிகள் வழியாக இவர்களுக்குச் சிறுதொழில் கடன் வழங்க ஆணையிடுமாறு தமிழக அரசைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மளிகை வணிகர் ஒருவர்,
திருவெறும்பூர், திருச்சி மாவட்டம்.